மார்ச் வந்தால் கை வெடிக்கிறது: எல்லாவற்றுக்கும் டென்ஷன்தான் காரணமா?

கேள்வி: எனக்கு 38 வயது. திருநெல்வேலியில் ஓர் அரசு வங்கிக் கிளையில் உதவி மேலாளராக இருக்கிறேன். நாலு வருஷமாக இரண்டு கைகளிலும் தொல்லை. விரல்களின் பக்கவாட்டில் ஜவ்வரிசி போலச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் வரும், அரிப்பு தாங்க முடியாது. பிறகு தோல் உரிந்து உள்ளங்கை வெடிக்கும். இது வந்து வந்து போகும். ஆனால் இடது கையில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூன்றின் நுனிகளும் வருஷம் பூரா வெடித்தே இருக்கின்றன. ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்திலும், அதைத் தொடர்ந்து வரும் ஆடிட் நாட்களிலும் மோசமாகிவிடும். ஆயின்மென்ட் போட்டால் பத்து நாளில் அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும். கடைசியாகப் பார்த்த டாக்டர், “எல்லாம் டென்ஷன்தான், மனதை லேசாக வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். வீட்டிலும் அதையே சொல்கிறார்கள். சின்ன வயதில் எனக்கு வீசிங் இருந்தது. கூட்டுக் குடும்பம், சமையலும் பாத்திரமும் பெரும்பாலும் என் பொறுப்பு. மன அழுத்தத்தால் இப்படி வருமா? வேலையை விட்டால் சரியாகுமா? ஆறு வயது மகளுக்குக் கையால் ஊட்டினால் ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மகளுக்குத் தாராளமாகக் கையால் ஊட்டுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது கை எக்ஸிமா. நம் ஊரில் கரப்பான் என்பார்கள். தொட்டால் ஒட்டாது, ஒரே துண்டில் துடைத்தால் ஒட்டாது, கொப்புளத்து நீர் பட்டாலும் ஒட்டாது. வெடிப்பில் சீழோ மஞ்சள் பொருக்கோ கட்டும் நாட்களில் மட்டும் ஸ்பூனால் ஊட்டுங்கள். அப்போது எக்ஸிமாவின் மேல் கிருமி ஏறியிருக்கிறது என்று பொருள், உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். நாலு வருஷமாகப் பெற்ற குழந்தைக்கு ஊட்டவே யோசித்திருக்கிறீர்கள் என்பதை வாசிக்கும்போது வருத்தமாக இருந்தது. இதை யாராவது முன்பே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

இனி முதல் கேள்வி. மன அழுத்தம் கை எக்ஸிமாவைக் கிளப்பிவிடும், அதிகமாக்கும், ஆறவிடாமல் இழுத்தடிக்கும். இது உங்கள் கற்பனை அல்ல. ஆனால் ஆரோக்கியமான கைத்தோலில் மன அழுத்தம் மட்டுமே தனியாக நின்று எக்ஸிமாவை உண்டாக்குவதை நான் அநேகமாகப் பார்ப்பதில்லை. அதற்கு முன்பே வேறு ஏதோ ஒன்று தோலைப் பலவீனமாக்கியிருக்கும். “எல்லாம் டென்ஷன்” என்றவர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியை யாரும் தேடாததால்தான் உங்களுக்கு இத்தனை வருஷம் இழுத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

அழுத்தம் தோலில் என்ன செய்கிறது என்பது ஓரளவு நன்றாகவே ஆராயப்பட்டிருக்கிறது. தோலின் மேலடுக்கில் செல்களுக்கு இடையே செரமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த ஒரு பசை இருக்கிறது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாமலும், வெளியே இருக்கும் சோப்பும் ரசாயனமும் உள்ளே நுழையாமலும் காப்பது அதுதான். மனம் பதறும்போது உடலில் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடுகிறது. அது இந்தக் கொழுப்புகளின் உற்பத்தியைக் குறைக்கிறது. தேய்ந்த பகுதியைத் தோல் சரிசெய்துகொள்ள அதிக நேரம் எடுக்கிறது. 2001இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 27 மாணவர்களின் தோலில் ஒட்டும் டேப்பை ஒட்டி ஒட்டி உரித்து மேலடுக்கைக் கொஞ்சம் சிதைத்து, அது எவ்வளவு வேகமாகச் சீராகிறது என்று அளந்தார்கள். விடுமுறை முடிந்து வந்தபோது வேகமாகச் சீரான அதே தோல், தேர்வு நாட்களில் மெதுவாகவே சீரானது. உங்கள் மார்ச் மாதமும் அப்படியொரு தேர்வுக் காலம்தானே?

இன்னொரு பாதை நரம்பு வழியாகப் போகிறது. பதற்றத்தில் தோலின் நரம்பு நுனிகள் சில புரதத் துணுக்குகளைக் கசியவிடுகின்றன. அவை அங்கிருக்கும் ஒவ்வாமைச் செல்களைத் தூண்ட, அரிப்பும் வீக்கமும் கூடும். 1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே நகரைப் பூகம்பம் தாக்கிய பிறகு, அந்தப் பகுதியில் ஏற்கெனவே எக்ஸிமா இருந்தவர்களை மருத்துவர்கள் விசாரித்தார்கள். சேதம் அதிகமான இடங்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் நோய் முற்றியிருந்தது. பாதிக்கப்படாத பகுதியில் பத்தில் ஒருவருக்குக்கூட அப்படி ஆகவில்லை. அவர்களுக்கெல்லாம் ஏற்கெனவே நோய் இருந்தது என்பதைக் கவனியுங்கள். அதிர்ச்சி இருந்த நோயைக் கிளப்பிவிட்டது.

வேலைக்குப் போகிறவர்களிடம் இதைத் தாண்டி வேறு சிலதும் நடக்கின்றன. நடைமுறையில் இவைதான் அதிகம் கெடுக்கின்றன என்பது என் கணிப்பு. மார்ச் கடைசியில் நீங்கள் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறீர்கள்? ராத்திரி ஒன்பதுக்கு வந்து, சமைத்து, பாத்திரம் கழுவி, அப்படியே சாய்ந்துவிடுவீர்கள். கிரீம் போட நேரம் இருக்காது. தூக்கம் குறையும். தூக்கம் குறைந்தாலும் தோல் சீராவது தாமதமாகும் என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வாராக்கடன் பட்டியலைப் பார்த்துக்கொண்டே உங்களை அறியாமல் விரலிடுக்கைச் சொரிந்துகொண்டிருப்பீர்கள். திருநெல்வேலியில் மார்ச்சில் வெயிலும் ஏறிவிடும். நீங்கள் சொல்லும் நீர்க்கொப்புள வகைக்குப் பாம்ஃபோலிக்ஸ் என்று பெயர், வியர்வையும் வெப்பமும் பலருக்கு அதைக் கிளப்பும். கிளைக்குள்ளேயோ ஏசியின் வறண்ட காற்று. போதாததற்குக் காகிதம்: நாள் முழுக்க வவுச்சரும் நோட்டும் புரட்டினால் விரல் நுனி உராய்ந்து, இருக்கிற எண்ணெய்ப்பசையும் போய்விடும். கேஷ் பக்கம் உட்காரும் நாட்களில் ஈர ஸ்பாஞ்சில் விரலைத் தொட்டுத் தொட்டு எண்ணினால் இன்னும் மோசம். இவை அத்தனையும் ஒரே மாதத்தில் வருகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு டென்ஷன் ஒன்றுதான் கண்ணில் படுகிறது.

சரி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரிக்கு வருகிறேன். இடது கையின் மூன்று விரல் நுனிகள். மன அழுத்தம் ஒரு கையின் மூன்று விரல்களை மட்டும் தேர்ந்தெடுத்துத் தாக்காது. அந்த மூன்று விரல்களும் சேர்ந்து என்ன செய்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் வலது கைக்காரர் என்றால், கத்தியோ அரிவாள்மணையோ எதில் நறுக்கினாலும், பூண்டையும் வெங்காயத்தையும் பிடித்துக்கொள்வது அந்த மூன்று விரல்கள்தான். பூண்டில் டைஅல்லைல் டைசல்பைடு என்றொரு பொருள் இருக்கிறது. அது சிலருக்குத் தொடு ஒவ்வாமையை உண்டாக்கும். பிடிக்கும் கையின் கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல் நுனிகளில் வெடிப்பு என்பது பூண்டு ஒவ்வாமையின் நன்கு அறியப்பட்ட அடையாளம். கூட்டுக் குடும்பத்தில் ஒரு வாரத்துக்கான பூண்டை மொத்தமாக உரித்து வைக்கிற வழக்கம் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

கடிதத்தை வைத்து நான் இதை உறுதியாகச் சொல்ல முடியாது. சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஆறு வாரம் நீங்கள் பூண்டைத் தொடவே வேண்டாம். உரிப்பதையும் நறுக்குவதையும் கணவரோ மற்றவர்களோ செய்யட்டும். கையுறை போட்டுக்கொண்டு நானே செய்கிறேன் என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள், இந்தப் பொருள் பெரும்பாலான கையுறைகளை ஊடுருவி வந்துவிடும். சமைத்த பூண்டைச் சாப்பிடுவதை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை. விரல் நுனிகள் ஆறு வாரத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தேறினால், நாலு வருஷப் புதிரின் ஒரு பகுதி அவிழ்ந்தது.

அடுத்தது தண்ணீர். ஜெர்மனியில் தொழிலாளர் பாதுகாப்பு விதிகளில் ‘ஈர வேலை’க்குப் பல வருஷம் ஓர் அளவு வைத்திருந்தார்கள். நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தாலும், அதே அளவு நேரம் காற்றுப்புகாத கையுறைக்குள் இருந்தாலும், இருபது தடவைக்கு மேல் கை கழுவினாலும் அது ஈர வேலை என்பது அந்தக் கணக்கு. நர்ஸ்கள், முடிதிருத்துபவர்கள், ஹோட்டல் சமையலறையில் இருப்பவர்கள் போன்றோருக்காக வைத்தது அது. நம் வீட்டுப் பெண்கள் காலை ஐந்தரைக்கு எழுந்து அரிசி களைவதிலிருந்து ராத்திரி மேடையைத் துடைப்பது வரை கணக்குப் போட்டால், அந்த இரண்டு மணி நேரத்தை எளிதாகத் தாண்டிவிடுகிறார்கள். நீங்கள் வங்கியில் செய்வது காகித வேலை, வீட்டில் செய்வது ஈர வேலை. பொதுவாகவே கை எக்ஸிமா ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. பெண்களின் தோல் மென்மை என்பதால் அல்ல, அவர்கள் கை அதிக நேரம் தண்ணீரில் இருப்பதால்தான் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. சின்ன வயதில் வீசிங் இருந்தது என்றீர்கள். அப்படிப்பட்ட அலர்ஜி உடல்வாகு உள்ளவர்களுக்கு ஈரமும் சோப்பும் சீக்கிரம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

அதனால்தான் வேலையை விடாதீர்கள் என்கிறேன். வேலையை விட்டால் கை தண்ணீரில் இருக்கும் நேரம் கூடும், குறையாது. மேலாளரின் நெருக்கடி போய், கடன் தவணை நெருக்கடி வரும். இப்போதைக்கு ராஜினாமா, விருப்ப ஓய்வு பற்றியெல்லாம் யோசிக்கவே வேண்டாம். வீட்டு வேலையைப் பிரிப்பது பற்றிப் பேசுங்கள். “டென்ஷன் ஆகாதே” என்று அன்போடு சொல்லும் கணவர், பாத்திரத்தை ஏற்றுக்கொண்டால் அது ஆயின்மென்ட்டுக்கு இணையான சிகிச்சை. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கூச்சமாக இருந்தால் இந்தப் பதிலை அவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.

மன அழுத்தத்துக்கும் எக்ஸிமாவுக்கும் உள்ள தொடர்பு ஒருவழிப் பாதையும் அல்ல. நெதர்லாந்தில் பொதுமக்களிடம் நடத்திய பெரிய ஆய்வு ஒன்றில், மன அழுத்தம் உள்ளவர்களிடம் கை எக்ஸிமா அதிகமாகக் காணப்பட்டது. எது முதலில் வந்தது என்று அத்தகைய ஆய்வால் சொல்ல முடியாது. ராத்திரி அரிப்பில் புரண்டு படுப்பவருக்கும், கவுண்டரில் பேனாவை நீட்டும்போது வாடிக்கையாளர் கண் கையிலேயே நிற்பதைப் பார்ப்பவருக்கும் மனம் எப்படி லேசாக இருக்கும்? “மனதை லேசாக வைத்துக்கொள்” என்பதைச் சிகிச்சையாக எழுதிக் கொடுத்தால், ஆறாத கைக்கு அந்தப் பெண்ணே குற்றவாளி ஆகிவிடுகிறாள். எனக்கு இதில் கடுமையான ஆட்சேபணை உண்டு. கையை ஆற்றுவோம், மனமும் பாதி லேசாகும்.

கையை எப்படி ஆற்றுவது? சோப்புக் கட்டியைக் கைக்கு நிறுத்துங்கள். தோலின் இயல்பான அமிலத்தன்மை 5 என்ற பிஎச் அளவை ஒட்டியது, சாதாரண சோப்பு 9, 10 வரை போகும். வாசனையில்லாத, சோப்பு கலக்காத கிளென்சர் போதும். வெந்நீர் இதமாக இருக்கும், ஆனால் பசையைக் கரைத்துவிடும், தவிருங்கள். கை கண்ணுக்குத் தெரிய அழுக்காகாதபோது, சோப்புப் போட்டுக் கழுவுவதைவிட ஆல்கஹால் சானிடைசர் தோலுக்குக் கெடுதல் குறைவு. வெடிப்பில் பட்டால் சுரீரென்று எரியும், அந்த எரிச்சலை அலர்ஜி என்று நினைத்துத்தான் பலர் திரும்ப சோப்புக்கே போகிறார்கள். மோதிரத்தைக் கழற்றி வையுங்கள், அதன் அடியில் தங்கும் சோப்பு நீர் நாள் முழுக்க அங்கேயே வேலை செய்யும். எலுமிச்சைச் சாறு, ஆன்டிசெப்டிக் கலந்த வெந்நீரில் கை ஊறவைப்பது இரண்டும் கூடவே கூடாது.

ஒவ்வொரு தடவை கை நனைந்த பின்னும் ஒற்றித் துடைத்துவிட்டு உடனே கிரீம். மேசை டிராயரில் ஒன்று, சமையலறையில் ஒன்று, படுக்கை பக்கத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டால்தான் இது நடக்கும். கம்ப்யூட்டரில் பிசுபிசுக்காத கிரீம் பகலுக்கு, வாசலின் மாதிரி கெட்டியான பெட்ரோலியம் ஜெல்லி ராத்திரிக்கு, அதன் மேல் மெல்லிய பருத்திக் கையுறை. தேங்காய் எண்ணெய் கெட்டதில்லை, ஆனால் வெடித்த கையில் ஜெல்லிதான் அதிக நேரம் நிற்கும். பாத்திரம் கழுவியே ஆக வேண்டிய நாளில் உள்ளே பருத்தி, வெளியே வினைல் கையுறை, இருபது நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். ரப்பர் கையுறையில் சேர்க்கும் ரசாயனங்களே சிலருக்கு ஒவ்வாமை தரும்.

ஆயின்மென்ட் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பத்து நாளில் அடங்கி, நிறுத்தியதும் திரும்புகிறது என்கிறீர்கள். கண்ணுக்குத் தோல் ஆறியதுபோல் தெரிந்தாலும், அதன் தடுப்புச் சக்தி முழுசாகத் திரும்ப மாதங்கள் ஆகும். நீங்கள் பத்தாம் நாள் மருந்தையும் கிரீமையும் ஒன்றாக நிறுத்தியிருப்பீர்கள், பதினோராம் நாள் பழையபடி சோப்பு நீர். உள்ளங்கைத் தோல் தடிமனானது. அதற்குப் பொதுவாக வீரியமான ஸ்டீராய்டு சில வாரங்கள் தேவைப்படும், பிறகு திடீரென்று விடாமல் படிப்படியாகக் குறைத்து, சிலருக்கு வாரம் இரண்டு நாள் என்று தொடர வேண்டியிருக்கும். இந்த அட்டவணையை உங்கள் டாக்டரிடம் எழுதியே வாங்குங்கள். அளவு தெரிய ஒரு வழி: ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை டியூபைப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம், ஒரு கைக்கு முன்னும் பின்னும் அது போதும். ஸ்டீராய்டு என்றதும் பயந்து கடுகளவு தடவுவதும் தப்பு, மருந்துக் கடையில் தானாக வாங்கி வருஷக்கணக்கில் தேய்ப்பதும் தப்பு. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த டியூப்களை நம் கடைகளில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிறார்கள். 2018இலேயே 14 வகைத் தோல் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவித்தும் பழக்கம் முழுதாக நிற்கவில்லை. உங்கள் டியூப் அப்படிப்பட்டதா என்று பாருங்கள்.

ஸ்டீராய்டு போதாதவர்களுக்கு டாக்ரோலிமஸ் ஆயின்மென்ட், புற ஊதாக் கதிர் சிகிச்சை, மாத்திரைகள் என்று வழிகள் இருக்கின்றன. நாள்பட்ட கை எக்ஸிமாவுக்கென்றே டெல்கோசிட்டினிப் என்ற கிரீமை 2024இல் ஐரோப்பாவிலும் 2025இல் அமெரிக்காவிலும் அனுமதித்தார்கள். உங்களுக்கு அந்த அளவுக்குப் போகத் தேவை வராது என்று நினைக்கிறேன்.

டாக்டரிடம் போகும்போது பாதங்களையும் காட்டுங்கள். காலில் பூஞ்சைத் தொற்று இருந்தால் அதன் எதிரொலியாகக் கையில் இதேபோல் நீர்க்கொப்புளம் வரலாம். ஒரு கை மட்டும் செதில் செதிலாக இருந்தால் அந்தக் கையிலேயே பூஞ்சை இருக்கலாம், சுரண்டிப் பார்த்தால் தெரியும். வீட்டில் வேறு யாருக்காவது ராத்திரி அரிப்பு இருந்தால் அதையும் சொல்லுங்கள். அது சொறியாக இருந்தால் கதை வேறு, அது ஒட்டக்கூடியது.

அழுத்தத்துக்கு என்ன செய்வது? மார்ச் மாதத்தை யாராலும் ரத்து செய்ய முடியாது. பிப்ரவரி நடுவிலேயே கைப் பராமரிப்பை இறுக்கிவிடுங்கள், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சொரிவதை ‘சொரியக் கூடாது’ என்ற வைராக்கியத்தால் நிறுத்த முடியாது. அரிக்கும்போது கை போகிற தருணத்தைக் கவனித்து, கை இரண்டையும் முஷ்டியாக மூடி அரை நிமிடம் வைத்திருந்து, பிறகு அரிக்கும் இடத்தை அழுத்திப் பிடிப்பது என்று ஒரு பழக்க மாற்றுப் பயிற்சி இருக்கிறது. ஸ்வீடனில் எக்ஸிமா நோயாளிகளிடம் இதைச் சோதித்து, மருந்தோடு சேர்த்துச் செய்தால் கூடுதல் பலன் என்று கண்டார்கள். தூக்கத்தில் ஒரு மணி நேரத்தையாவது மீட்டெடுங்கள். தியானம், நடை எல்லாம் உங்களுக்குப் பிடித்தால் செய்யுங்கள், அதையும் ஒரு டார்கெட் ஆக்கிக்கொள்ள வேண்டாம். ஆனால் எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, காலையில் எழவே மனமில்லை என்ற நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதைக் கை வைத்தியத்தோடு சேர்த்துப் போட்டு மூடிவிடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், மனநல மருத்துவரைப் பார்ப்பதற்கும் தயங்க வேண்டாம்.

பூண்டைத் தவிர்த்தும், தண்ணீரைக் குறைத்தும், மூன்று மாதத்தில் கை தேறவில்லை என்றால் பேட்ச் டெஸ்ட் கேளுங்கள். முதுகில் சின்னச் சின்ன அளவில் பொருட்களை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், பிறகு நான்காம் நாள்போல் இன்னொரு முறை பார்ப்பார்கள். நிக்கல், வாசனைப் பொருட்கள், ரப்பர் ரசாயனங்கள், கிரீம்களில் போடும் பதப்படுத்திகள் எல்லாம் அதில் வரும். பூண்டு வழக்கமான பட்டியலில் இருக்காது, அதனால் அந்தச் சந்தேகத்தை நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும். நீங்கள் பயன்படுத்தும் கிரீம், பாத்திர சோப்பு, கையுறை எல்லாவற்றின் பெயரையும் குறித்து எடுத்துப் போங்கள். அந்த நாட்களில் முதுகு நனையக் கூடாது, வியர்வையில் பட்டை கழன்றாலும் பலனில்லை. அதனால் தேதியை டிசம்பர், ஜனவரியில் வாங்குங்கள். கணக்கு முடிக்கும் நெருக்கடிக்கு முன்பே முடிவும் கையில் இருக்கும்.